மின்னஞ்சல் செயலி: முழு வசதி கொண்டதா, எளியதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து கோயில் நிர்வாகத்தினர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், லோரி வைத்துத் தொழில் செய்பவர்கள், ஓய்வுபெற்ற கிராணிமார்கள் (தோட்ட எழுத்தர்கள்) என்று பலரும் கணினியில் மின்னஞ்சல் அமைத்துத் தரும்படி என்னிடம் வருகிறார்கள். விண்டோஸுடன் இலவசமாக வந்துகொண்டிருந்த ‘மெயில்’ செயலிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்திய பிறகு கேள்விகள் கூடிவிட்டன. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நாளைக்கு ஒரு செயலியை விட்டு விலகும்போது நம் மடல்களையும் உடன் எடுத்துச் செல்ல முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பொத்தான்களின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜிமெயிலை உலாவியிலேயே பார்த்துக்கொள்கிறேன். தனிச் செயலி எனக்கு எதற்கு?

உங்களுக்கு ஒரே ஒரு முகவரி, நாளுக்கு நாலைந்து மடல், வீட்டில் தடையில்லாத இணையம் என்றால் தேவையில்லை. உலாவியே போதும்.

தேவைப்படும் இடங்கள் வேறு. சொந்த முகவரி, கடை முகவரி, சங்க முகவரி என்று இரண்டு மூன்றைக் கவனிப்பவர்கள் உலாவியில் மாறி மாறி நுழைந்து களைத்துப்போகிறார்கள். கடைசியில் சங்கக் கடிதம் சொந்த முகவரியிலிருந்து போய்விடுகிறது. தோட்டத்தின் உட்பகுதியில் கைபேசித் தரவை நம்பியிருப்பவர்களுக்கு மழை பிடித்தால் இணைப்பு அறுந்துவிடும். மடல்கள் கணினியிலேயே இருந்தால் அந்த நேரத்திலும் பழைய கடிதத்தைத் தேடி எடுக்கலாம், பதில் எழுதி வைக்கலாம், இணைப்பு வந்ததும் அது போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. ஜிமெயிலின் இலவச இடம் 15 ஜிகாபைட். அது மடலுக்கு மட்டும் உரியதன்று. கூகிள் டிரைவுக்கும் கூகிள் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். திருவிழாப் படங்களையும் காணொளிகளையும் அதே கணக்கில் ஏற்றிக்கொண்டே போனால், இடம் நிரம்பிய பிறகு புதிய மடல் வருவதே நின்றுவிடும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியையும் கூகிள் 2023-இல் கொண்டுவந்தது. நிர்வாகம் மாறிய பிறகு யாருமே திறக்காமல் விடப்பட்ட கோயில் கணக்குகளுக்கு இது நேரான ஆபத்து. கணினியில் ஒரு பிரதி இருந்தால் கணக்கு போனாலும் கடிதங்கள் தங்கும்.

முழு வசதி என்றும் எளியது என்றும் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

மடலோடு நாட்காட்டி, முகவரிப் புத்தகம், தானாக வகைப்படுத்தும் விதிகள், பல முகவரிகளுக்குத் தனித்தனிக் கையொப்பம், விரிவான தேடல், பிறர் படிக்க முடியாதபடி மடலைப் பூட்டும் மறைகுறியாக்கம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அது முழு வசதிச் செயலி. பழைய வகை அவுட்லுக், தண்டர்பேர்ட், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் எவலூஷன் ஆகியவை இந்த வரிசை. தண்டர்பேர்டின் முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. நாட்காட்டி ஆரம்பத்தில் தனியாகச் சேர்க்க வேண்டிய துணையாக இருந்து பின்னர் உள்ளேயே வந்துவிட்டது.

மடலை வாங்கு, படி, எழுது, அனுப்பு, அடைவில் (ஃபோல்டரில்) போடு என்பதோடு நிற்பவை எளியவை. சில்ஃபீட், அதிலிருந்து 2001-இல் கிளைத்த கிளாஸ் மெயில், லினக்ஸில் ஜியரி போன்றவை. கிளாஸ் மெயிலில் வண்ண எழுத்து, படம் பதித்த மடல் எல்லாம் எழுத முடியாது. வெறும் எழுத்துதான். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. நில அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் வண்ணம் எதற்கு?

ஐயா, விண்டோஸ் மெயில் போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தானே வந்து நிற்கும் புதிய அவுட்லுக்கையே வைத்துக்கொள்ளலாமா?

சொந்த மடலுக்கு, அதுவும் ஏற்கெனவே அவுட்லுக் அல்லது ஹாட்மெயில் முகவரி வைத்திருப்பவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

சங்கத்துக்கும் கோயிலுக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. புதிய அவுட்லுக் வலைத்தளத்தைப் போலவே கட்டப்பட்டது. அதில் ஜிமெயில் போன்ற வேறு நிறுவனத்தின் கணக்கைச் சேர்த்தால், அந்த மடல்கள் மைக்ரோசாப்டின் மேகக் கணினிகள் வழியாக ஒத்திசைக்கப்படும். சந்தா இல்லாதவர்களுக்கு மடல் பட்டியலில் விளம்பரமும் வரும். பழைய வகை அவுட்லுக் வேறு. அது மைக்ரோசாப்ட் 365 சந்தாவோடு அல்லது விலைகொடுத்து வாங்கிய ஆபீஸோடு வருவது. குறைந்தது 2029 வரை அதற்கு ஆதரவு தொடரும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

விண்டோஸோடு வந்த மடல் செயலிகளின் வரலாற்றைப் பாருங்கள். எக்ஸ்பியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். விஸ்டாவில் விண்டோஸ் மெயில். பிறகு விண்டோஸ் லைவ் மெயில். விண்டோஸ் 8 முதல் இன்னொரு மெயில். இப்போது அதுவும் இல்லை. ஒவ்வொரு மாற்றத்திலும், கணினிக்குள் மட்டுமே மடல் வைத்திருந்தவர்கள்தான் அல்லல்பட்டார்கள். கணினியோடு சும்மா வந்ததை நம்பி முக்கியமான கடிதங்களை ஒப்படைக்காதீர்கள்.

பாப், ஐமேப் என்று அமைக்கும்போது கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

எந்தச் செயலி என்ற கேள்வியைவிட இது பெரியது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பாப் முறையில் செயலி, சேவையகத்திலிருந்து (மடல் சேவை நிறுவனத்தின் கணினியிலிருந்து) மடல்களை இறக்கி உங்கள் கணினியில் வைக்கும். ‘சேவையகத்தில் பிரதியை விட்டுவை’ என்ற அமைப்பு இல்லாவிட்டால் அங்கிருந்து அழித்தும்விடும். அதன் பிறகு அந்த மடல் இருக்கும் ஒரே இடம் உங்கள் கணினி. ஐமேப் முறையில் மடல் சேவையகத்திலேயே இருக்கும். கணினியும் கைபேசியும் அதே பெட்டியைத்தான் பார்க்கும். வீட்டில் படித்தது கைபேசியிலும் படித்ததாகக் காட்டும். செயலர், பொருளாளர் இருவரும் ஒரே முகவரியைக் கவனிக்க வேண்டுமானால் ஐமேப்தான் வழி.

ஆனால் ஐமேப் காப்புப் பிரதி ஆகாது. கைபேசியில் அழித்தால் கணினியிலும் அழியும். ஆகவே ஐமேப் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறையாவது மடல்களைக் கணினியின் உள் அடைவுக்குப் பிரதியெடுத்து, அதை வெளி வட்டிலும் வைக்க வேண்டும். தண்டர்பேர்டில் இதற்கென்றே ‘உள் அடைவுகள்’ என்ற பகுதி உண்டு.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நம் தோட்டத்து நிலைமை. பல தோட்டக் கோயில்கள் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்பவை. தோட்டம் கைமாறும்போதோ வீடமைப்புக்குப் போகும்போதோ, கோயிலுக்கு இடம் தருவதாக யார், எந்தத் தேதியில், என்ன எழுதினார்கள் என்பதுதான் பேச்சுவார்த்தையில் நமக்கு இருக்கும் பிடி. 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் தோட்டத் துண்டாடலில் (பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றதில்) வேலையையும் வீட்டையும் இழந்தவர்களின் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான், சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எழுத்தில் இருப்பதன் மதிப்பு நமக்குப் புதிதாகச் சொல்லித்தரப்பட வேண்டியதில்லை. அன்று அந்த எழுத்து காகிதக் கோப்பில் இருந்தது. இன்று முன்னாள் செயலரின் மடிக்கணினியில், பாப் முறையில் இறக்கப்பட்டு, யாரும் திறக்காமல் கிடக்கிறது. மடிக்கணினி பழுதானால் அந்த உறுதிமொழியும் போயிற்று.

மடல்கள் கணினியில் எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்பது எனக்கு எதற்கு?

விலகிப் போகும் வழி அதில்தான் இருக்கிறது.

பழைய வகை அவுட்லுக், பாப் கணக்குகளையும் நீங்கள் தனியே சேமிப்பவற்றையும் பிஎஸ்டி என்ற ஒரே பெரிய கோப்பில் வைக்கும். 2002 வரையிலான பதிப்புகளில் அந்தக் கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. 2010 முதல் இயல்பான வரம்பு 50 ஜிகாபைட். அதை முழுமையாகத் திறக்க அவுட்லுக்கே வேண்டும். ஐமேப் கணக்குக்கு அவுட்லுக் உண்டாக்கும் ஓஎஸ்டி கோப்பு வேறு. அது தற்காலிகப் பிரதி. அதை யூஎஸ்பியில் நகலெடுத்து வைத்துவிட்டுக் காப்புப் பிரதி எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வேறு கணினியில் அது திறக்காது.

தண்டர்பேர்ட் இயல்பாக எம்பாக்ஸ் முறையில், அடைவுக்கு ஒரு கோப்பாக வைக்கிறது. உள்ளே இருப்பது வெறும் எழுத்து என்பதால் பல செயலிகள் அதைப் படிக்கும். அழித்த மடல் கோப்பிலிருந்து உடனே போவதில்லை, ‘அடைவைச் சுருக்கு’ என்ற வேலை நடக்கும்போதுதான் போகும். அழித்தும் இடம் குறையவில்லையே என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். கிளாஸ் மெயில் எம்எச் முறையில் ஒரு மடலுக்கு ஒரு கோப்பாக வைக்கிறது. செயலி கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கெடுவது பெரும்பாலும் அந்த ஒரு மடல்தான். இருபது ஆண்டுக் கடிதங்களும் ஒரே கோப்பில் இருந்தால் அந்தக் கோப்பு முழுவதுக்கும் ஆபத்து. மின்தடை அடிக்கடி வரும் இடத்தில் இதை நான் பெரிய நன்மையாக நினைக்கிறேன்.

எங்கள் கணினி பழையது, நினைவகம் 4 ஜிகாபைட்தான். தண்டர்பேர்ட் ஓடுமா?

ஓடும், ஆனால் உலாவியையும் சேர்த்துத் திறந்தால் திணறும். விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்களுக்கு தண்டர்பேர்டின் 115-ஆம் பதிப்பு வரிசைதான் கடைசி. அதற்கு மேற்பட்ட பதிப்புகள் விண்டோஸ் 10-இலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். தண்டர்பேர்ட் அதோடே வருகிறது. அதுவும் கனம் என்றால் கிளாஸ் மெயில்.

கடவுச்சொல் சரியாகத்தான் போடுகிறேன். செயலி ஏற்க மறுக்கிறதே?

எளிய செயலியை விரும்புபவர்கள் இடறி விழும் இடம் இது. கூகிளும் மைக்ரோசாப்டும் கணக்கின் சாதாரணக் கடவுச்சொல்லைச் செயலிகளிடமிருந்து இப்போது ஏற்பதில்லை. அவுட்லுக், ஹாட்மெயில் தனிக் கணக்குகளுக்கு மைக்ரோசாப்ட் 2024 செப்டம்பர் 16-இல் இதை நிறுத்தியது. உலாவிச் சாளரம் திறந்து, அங்கே நுழைந்து, செயலிக்கு அனுமதி தரும் ஓஆத் என்ற முறைதான் இப்போது.

தண்டர்பேர்ட் இதைத் தானே கவனித்துக்கொள்ளும். கிளாஸ் மெயிலிலும் ஓஆத் உண்டு. ஆனால் அதற்கான அடையாள எண்ணை நீங்களே கூகிளிடமோ மைக்ரோசாப்டிடமோ பதிந்து பெற வேண்டும். சாதாரணமாகக் கணினி பயன்படுத்துபவர்களுக்கு இது வேண்டாத தலைவலி. ஜிமெயிலுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு: இரு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, ‘செயலிக் கடவுச்சொல்’ ஒன்றை உண்டாக்கி அதைப் போடலாம். ஹாட்மெயில் முகவரி வைத்திருப்பவர்கள் இந்தக் காரணத்துக்காகவே தண்டர்பேர்டுக்குப் போவது நல்லது.

தமிழில் எழுதும் மடல்கள் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் தெரிகின்றனவே?

புதிய மடல்கள் என்றால் இரு பக்கமும் யூடிஎஃப்-8 குறியேற்றம் (எழுத்துகளைக் கணினி எண்களாக வைக்கும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். கிளாஸ் மெயிலில் ‘அனுப்பும் குறியேற்றம்’ என்ற இடத்தில் அதை நிலையாக வைத்துவிடலாம். மற்றபடி எளிய செயலி, பெரிய செயலி இரண்டிலும் இன்று தமிழ் நன்றாகவே வருகிறது.

பழைய மடல்கள் வேறு கதை. யூனிகோட் பரவுவதற்கு முன், 1990களின் இறுதியிலும் 2000த்தின் தொடக்கத்திலும், நம்மில் பலர் முரசு அஞ்சல் என்ற மென்பொருளைக் கொண்டு தமிழில் மடல் எழுதினோம். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கியது அது. அந்தக் காலத்து மடல்கள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் இருந்தால் இன்றைய செயலிகள் அவற்றை ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகக் காட்டும். மடல் கெட்டுவிடவில்லை. உள்ளடக்கத்தை நகலெடுத்துக் குறியேற்ற மாற்றியில் இட்டால் தமிழ் திரும்ப வந்துவிடும். தெரியவில்லை என்பதற்காக அழித்துவிடாதீர்கள்.

எந்தச் செயலியை முடிவு செய்வதற்கு முன்னும் ஒரு சோதனை செய்யுங்கள். ‘கொ, பௌ, ஸ்ரீ’ மூன்றும் வரும்படி தலைப்பு எழுதி, தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றை இணைத்து, உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். பிறகு தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரித் தொழில். எடைச்சீட்டு, விலைப்பட்டியல், இ-இன்வாய்ஸ் எல்லாம் மடலில்தான் வருகின்றன. எனக்கு எது?

முழு வசதிச் செயலி, சந்தேகமே வேண்டாம். ஆலையிலிருந்து வருவது ஓர் அடைவுக்கு, உள்நாட்டு வருமான வாரியம் தொடர்பானது இன்னோர் அடைவுக்கு, சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) ஊழியர் சேமநிதியும் வேறோர் அடைவுக்கு என்று விதி எழுதி வைத்துவிட்டால் மாதக் கடைசியில் தேட வேண்டியதில்லை. சாலை வரி, காப்புறுதி முடியும் நாள்களை நாட்காட்டியில் போட்டு வையுங்கள்.

படம் படமாக அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டியது: ஜிமெயிலின் வரம்பு 25 மெகாபைட் என்றாலும், இணைக்கும் கோப்புகள் மடலில் ஏறும்போது வெறும் எழுத்து வடிவமாக மாற்றப்படுவதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருகும். செயலி வழியாக அனுப்பும்போது 18 மெகாபைட்டுக்குள் வைத்துக்கொண்டால் திரும்பி வராது. இது எல்லாச் செயலிக்கும் பொருந்தும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நான். டெலிமா கணக்கைச் செயலியில் சேர்க்கலாமா?

கல்வி அமைச்சின் நிர்வாகத்தில் இருக்கும் கணக்கு அது. உலாவியிலேயே பாருங்கள்.

மோசடி மடல்களுக்கு எதில் பாதுகாப்பு அதிகம்?

இந்த ஒரு விஷயத்தில் எளிய செயலி முந்துகிறது. கிளாஸ் மெயில், கூடுதல் துணைச்செயலி சேர்க்காதவரை, மடலை வெறும் எழுத்தாகவே காட்டும். வங்கிச் சின்னமும் பொத்தானும் போட்டு ஏமாற்ற இடமே இல்லை. தண்டர்பேர்டும் வெளியிலிருந்து வரும் படங்களை இயல்பாகத் தடுத்து வைக்கிறது. ‘படங்களைக் காட்டு’ என்று அது கேட்கும்போது அனுப்பியவர் யாரென்று தெரியாமல் அழுத்தாதீர்கள். மடலில் உள்ள வலை இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால் உண்மை முகவரி கீழே தெரியும். வயதானவர்களுக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி அனுப்பி எச்சரித்தால் போதாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே வங்கிக்கும் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள். தயங்கும் நேரத்தில் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிடும்.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

மடலுக்காக மட்டும் என்றால் வேண்டாம். தண்டர்பேர்ட், கிளாஸ் மெயில் இரண்டும் இலவசம், கட்டற்ற மென்பொருள். தண்டர்பேர்ட் பயனர்களின் நன்கொடையில் நடக்கிறது. தொழிலுக்குப் பயன்படுத்துபவர்கள் சில ரிங்கிட் அனுப்பினால் அது நியாயம்.

பழைய செயலியிலிருந்து புதியதற்கு மடல்களை எப்படிக் கொண்டுபோவது?

பழைய செயலி இன்னும் திறக்கும் நிலையில் இருந்தால், அதிலேயே ஐமேப் கணக்கு ஒன்றைச் சேர்த்து, கணினிக்குள் இருக்கும் அடைவுகளை அந்தக் கணக்குக்குள் நகலெடுங்கள். மெதுவாக ஏறும், இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். புதிய செயலியில் அதே கணக்கைச் சேர்த்தால் மடல்கள் தாமாக வந்து சேரும். கோப்பு மாற்றும் தனி மென்பொருள்களைத் தேடிக் காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஜிமெயில் முழுவதையும் ஒரேயடியாக எடுக்க கூகிள் டேக்அவுட் சேவை எம்பாக்ஸ் கோப்பாகத் தரும்.

நகல் முடிந்ததும் பழையதில் எத்தனை, புதியதில் எத்தனை என்று அடைவு வாரியாக ஒப்பிடுங்கள். கோப்பு இணைத்த பழைய மடல் சிலவற்றைத் திறந்து பாருங்கள். அதுவரை பழையதை அழிக்க வேண்டாம்.

அப்படியானால் எங்கள் கோயில் நிர்வாகத்துக்கு நீங்கள் எதைப் போட்டுத் தருவீர்கள்?

தண்டர்பேர்ட், ஐமேப் முறை, ஆண்டுதோறும் உள் அடைவில் பிரதி, வெளி வட்டு இரண்டு. ஒரு வட்டு கோயில் அலுவலகத்தில், மற்றொன்று தலைவர் வீட்டில். கிளாஸ் மெயில் எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் அடுத்து வரும் செயலர் யார், அவருக்குக் கணினி எவ்வளவு பழக்கம் என்பது இன்று தெரியாது. அமைப்பதற்கு ஆள் தேட வேண்டிய செயலி பொது நிர்வாகத்துக்கு ஒத்துவராது.

நிர்வாகம் மாறும்போது என்னென்ன ஒப்படைக்க வேண்டும்?

கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கணக்கின் மீட்புத் தொலைபேசி எண் பழைய செயலருடையதாகவே இருந்தால், சரிபார்ப்பு எண் அவருக்குத்தான் போகும். அவர் எண்ணை மாற்றிவிட்டால் கணக்கு யாருக்கும் இல்லை. ஆகவே இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மீட்பு எண்ணையும் மீட்பு முகவரியையும் மாற்றுங்கள். செயலிக் கடவுச்சொற்களை நீக்கிப் புதியவை உண்டாக்குங்கள். பழைய செயலரின் கைபேசி, மடிக்கணினி இரண்டிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். வெளி வட்டைப் புதிய செயலரின் கணினியில் செருகி, கடிதங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு, வட்டு ஒப்படைக்கப்பட்ட தேதியைக் கூட்டக் குறிப்பில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பும் பொறுப்பு யாருக்கு என்பதையும் அதே குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.